மெனேஜர் கதிரையும் பதின்மூன்றாம் மாதமும்

"தம்பி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் டீமொண்டு காலியாக் கிடக்கு. உங்கட பேரத்தான் மேல குடுத்திருக்கன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓமெண்டு சொல்லுங்க." ஆயுள் காப்புறுதி விற்பதில் நாலைந்து வருடம் நன்றாக ஓடிய முகவருக்கு இப்படி ஒரு போன் வராமல் போகாது. அவர் ஓமென்று சொல்லுமுன்னமே செய்தி ஊரைச் சுற்றிவிடும். சந்தையில் மீன் வாங்கப் போனால் "என்னகா, மெனேஜராமே?" என்று கேட்பார்கள். மாமியார் வீட்டில் ஒரு நாள் கோழி அடிபடும். வெள்ளிக்கிழமைக்குள் எதையும் படிக்கவும் விடமாட்டார்கள், யோசிக்கவும் விடமாட்டார்கள்.

இதைப் பதவி உயர்வு என்று எல்லோரும் சொல்வதுதான் மனதில் இடறிக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர் அதிபராவது, தாதி மேற்பார்வைத் தாதியாவது போல இது ஒரே ஏணியின் அடுத்த படி என்ற நினைப்பு ஊறிக் கிடக்கிறது. உண்மையில் நடப்பது, கரைவலையில் நன்றாக வலை இழுக்கிறவனைக் கூப்பிட்டு "இண்டையிலிருந்து நீதான் வலைக்கு முதலாளி" என்று சொல்வதற்குக் கிட்ட. வலை கிழிந்தால் அவன் பாடு, தோணியை நடத்தும் தண்டையல் வராவிட்டால் அவன் பாடு, ஆட்களுக்குக் கொடுத்த முற்பணமும் அவன் பாடு. அவன் கையின் பலம் அங்கே பெரிதாக உதவாது. விற்கத் தெரிந்தவருக்கு, மற்றவரை விற்க வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாதம் ஆறு பொலிசி தனியாகப் போட்டவர் மெனேஜரானதும், எட்டுப் பேர் டீமில் ஆளுக்கு ஒன்று வாங்கத் திணறி, கடைசியில் தானே ஆறு பொலிசி போட்டு அவர்கள் பேரில் எழுதிக் கொடுக்கிற கதை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் சாதாரணம்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. முகவர் என்பவர் கம்பனியின் ஊழியர் அல்ல. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இல்லை, காலில் கட்டுப் போட்டு ஒரு மாதம் படுத்தால் புது வருமானமும் படுத்துவிடும். நாற்பது வயதைத் தாண்டி, மூத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு மாதம் முடிய நிச்சயமாக வரும் சம்பளம் சின்ன விஷயமில்லை. நம் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு என்பது எவ்வளவு பெரிய கணக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆம், இல்லை என்பதை விட, எந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு ஆம் என்பது என்பதுதான் கேள்வி.

சம்பளக் கடிதத்தை வாசிக்கும் விதம்

கடிதத்தில் பெரும்பாலும் மூன்று வரி இருக்கும்: அடிப்படைச் சம்பளம், பெற்றோல் அலவன்ஸ், டீம் செய்யும் வியாபாரத்தில் மெனேஜருக்குக் கிடைக்கும் பங்கான ஓவர்ரைட். கம்பனிக்குக் கம்பனி வீதம் மாறும் என்பதால் கணக்குக்காக ஒரு உதாரணம் வைப்போம். அடிப்படை 60,000 ரூபா, பெற்றோலுக்கு 15,000, டீம் கொண்டுவரும் முதல் வருடப் பிரீமியத்தில் 6 சதவீதம் ஓவர்ரைட். மாத டார்கட், வருடப் பிரீமியமாகக் கணக்கிட்டால் 6 இலட்சம். அதில் 80 சதவீதத்தைத் தொட்டால்தான் ஓவர்ரைட். ஆறு இலட்சத்தில் 6 சதவீதம் 36,000. ஆக மாதம் ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் என்று போனில் சொல்வார்கள், கேட்கிறவரும் அதையே மனைவியிடம் சொல்வார்.

அந்த 36,000 முதல் மாதம் வராது. ஆறு இலட்சம் என்பது மாதம் 5,000 ரூபா கட்டும் பத்துப் பொலிசி. மாதக் கட்டணப் பொலிசிக்கு ஓவர்ரைட் காசு உள்ளே வர வரத்தான் கணக்காகும் என்றால், முதல் மாதம் கம்பனிக்கு வந்தது 50,000, அதில் 6 சதவீதம் 3,000 ரூபா. இரண்டாம் மாதம் 6,000. மாதாமாதம் பத்துப் பொலிசி தவறாமல் விழுந்து, ஒன்றும் அறுந்து போகாமல் இருந்தால் பன்னிரண்டாம் மாதத்தில்தான் 36,000. ஒவ்வொரு மாதத்துப் பத்திலும் இரண்டு பொலிசி மூன்று தவணை மட்டும் கட்டிவிட்டு நின்றால், பன்னிரண்டாம் மாதம் கட்டுகிறவை 102 பொலிசி, ஓவர்ரைட் 30,600. இப்படித் தவணை கட்டாமல் லாப்ஸான பொலிசிக்கு ஏற்கனவே கொடுத்ததைத் திருப்பி வெட்டும் நிபந்தனை இருந்தால் இன்னும் குறையும். வருடப் பிரீமியத்தின் மேல் முன்கூட்டியே கொடுக்கும் கம்பனியும் உண்டு. அங்கே வெட்டு இன்னும் பலமாக இருக்கும். எப்படியானாலும் முதல் ஆறு மாதத்துக்கு வீடு அடிப்படைச் சம்பளத்தில்தான் ஓட வேண்டும்.

பெற்றோல் 15,000 தாராளமாகத் தெரியும். களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு நாள் வெல்லாவெளி, ஒரு நாள் கல்முனை, ஒரு நாள் மட்டக்களப்புக் கிளையில் கூட்டம் என்று சராசரி நாளுக்கு 80 கிலோமீற்றர் ஓடினால், 26 நாளில் 2,080 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 46 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 13,900 ரூபாவுக்குக் கிட்ட. ஒயில், டயர், போன் கார்ட், டீமுக்கு வாங்கிக் கொடுக்கும் பிளேன் டீயும் வடையும் இதில் சேரவில்லை. பொத்துவில்வரை பகுதி கொடுத்தால் இந்தக் கணக்கே கிழியும்.

அடுத்தது, அதிகம் பேர் கேட்க மறக்கும் விஷயம்: பழைய பொலிசிகளின் புதுப்பித்தல் கொமிஷன். முதல் வருடக் கொமிஷன்தான் பெரிது, பிறகு வருடாவருடம் இறங்கும். ஆனாலும் ஐந்து வருடம் உழைத்த முகவரிடம் 200 பொலிசி உயிரோடு இருந்து, ஒவ்வொன்றும் சராசரி மாதம் 4,000 கட்டினால், உள்ளே வருவது 8 இலட்சம். சராசரி 5 சதவீதம் என்றால் ஒரு வீட்டுப்படியும் ஏறாமல் மாதம் 40,000. மெனேஜரானதும் இந்தப் பொலிசிகளை வேறு முகவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், 60,000 சம்பளத்தில் உண்மையான ஏற்றம் 20,000 மட்டுமே. சில இடங்களில் கொமிஷன் தொடரும், சில இடங்களில் பாதி தொடரும், சில இடங்களில் முகவர் குறியீட்டை, அதாவது முகவராகப் பதிந்த எண்ணை, மூடச் சொல்வார்கள். போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொன்னால், இன்னும் ஒன்றும் தீர்மானமாகவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஈமெயிலில் ஒரு வரி வாங்குவதில் வெட்கமில்லை.

நிரந்தர நியமனமா, ஒப்பந்தமா என்பதும் அதே ஈமெயிலில் வரவேண்டும். மெனேஜர் என்று விசிட்டிங் கார்ட் அடித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே கொமிஷன் அடிப்படையில் வைத்திருப்பதும் உண்டு. நிரந்தரமென்றால் ஈ.பி.எஃப்புக்குக் கம்பனி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம், ஈ.டி.எஃப் 3 சதவீதம். எந்தத் தொகையின் மேல் இது கணக்காகிறது என்று கேட்க வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் பூர்த்தியாக வேண்டும். முகவராக ஓடிய வருடங்கள் அதில் சேராது, நியமனத் திகதியிலிருந்தே கணக்கு.

அந்த ஒரு பட்டியல்

இவ்வளவும் சரியாக வந்தாலும் கையெழுத்து வைக்கக் கூடாத நியமனங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டிக் கொடுப்பது டீமின் பட்டியல். எட்டுப் பேரின் பெயர், கடந்த பதினெட்டு மாதத்தில் மாதாமாதம் ஒவ்வொருவரும் போட்ட பொலிசி, அவற்றில் பதின்மூன்றாவது தவணை கட்டியவை எத்தனை. ஒரு எக்ஸல் ஷீட்டுக்குள் அடங்கிவிடும். கிளையில் இருக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பாள். மேலதிகாரி அதைத் தரத் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே பாதி விடை இருக்கிறது.

ஏன் பதின்மூன்றாவது தவணை? முதல் வருடம் முழுக்க முகவருக்குப் பெரிய கொமிஷன் ஓடுகிறது, அதனால் அவர் பின்னால் அலைந்து கட்ட வைப்பார். தேவைப்பட்டால் தன் கையிலிருந்தும் போடுவார். பதின்மூன்றாம் மாதம் கொமிஷன் இறங்குகிறது, அலைச்சலும் இறங்குகிறது. அந்தத் தவணையைக் கட்டுகிற ஆள் பொலிசி வேண்டுமென்று கட்டுகிற ஆள். ஆகவே அந்த எண், டீம் என்ன விற்றது என்பதைவிட எப்படி விற்றது என்பதைச் சொல்லும். பொலிசி எண்ணிக்கையாலும் கேளுங்கள், பிரீமியத் தொகையாலும் கேளுங்கள். நூறு பொலிசியில் எழுபத்தைந்து நிற்கிறது என்று சொல்வார்கள். அறுந்த இருபத்தைந்தும் பெரிய தொகைப் பொலிசிகளாக இருந்தால் காசில் பாதி போயிருக்கும்.

பட்டியலை விரித்து வைத்தால் முதலில் கண்ணில் படுவது வெற்றுப் பெயர்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் நாலு மாதமாக ஒரு பொலிசியும் போடவில்லை. ஒருவர் கட்டாருக்குப் போயிருப்பார், மற்றவருக்கு அரச வேலை கிடைத்திருக்கும். ஆனால் டார்கட் எட்டுப் பேருக்குத்தான் போடப்பட்டிருக்கும். அடுத்து டிசம்பர். பத்து மாதம் மாதம் ஐந்து, ஆறு என்று வந்த டீம் டிசம்பரில் மட்டும் இருபத்திநாலு போட்டிருந்தால், அவற்றின் ஏப்ரல் நிலவரத்தைப் பாருங்கள். வருட முடிவுப் போட்டிக்காக, பேங்கொக் பயணத்துக்காக, மச்சான் பேரிலும் மச்சாள் பேரிலும் போட்டு மூன்று தவணையைக் கைக்காசில் கட்டியது அங்கே அப்படியே தெரியும். பொலிசி கையில் கிடைத்து 21 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவை எத்தனை என்பதையும் பாருங்கள். அது கூடினால் வீட்டில் ஒன்றைச் சொல்லிக் கடதாசியில் வேறொன்றை எழுதியிருக்கிறார்கள்.

பிறகு, முன்னிருந்த மெனேஜர் எங்கே என்று கேட்க வேண்டும். கதிரை சும்மா காலியாகாது. அவர் போட்டிக் கம்பனிக்குப் போயிருந்தால் பட்டியலில் மேலே இருக்கும் இரண்டு மூன்று பெயரும் பின்னாலேயே போகும். ஒருவர் அவருடைய மைத்துனராக இருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம். அவர்கள் போனபின் அவர்கள் போட்ட பொலிசிகள் கவனிப்பாரற்று, ஒன்றன்பின் ஒன்றாக லாப்ஸாகும். அந்த லாப்ஸ் யாருடைய கணக்கில் விழும்? புது மெனேஜரின் ஓவர்ரைட், டீமின் பொலிசிகள் அறாமல் நிலைத்திருக்கும் வீதத்தோடு கட்டப்பட்டிருந்தால், தான் விற்காத, தான் பார்க்காத பொலிசிக்காக அவர் சம்பளம் வெட்டப்படும். பொறுப்பெடுத்த திகதிக்குப் பின் போட்ட பொலிசிக்கு மட்டுமே தன்னைக் கணக்குக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குவதுதான் இந்தப் பேரத்திலேயே பெறுமதியான வரி. சம்பளத்தில் ஐயாயிரம் கூட்டிக் கேட்பதைவிட இது மேல். வேலைக்கு ஆளில்லாமல் தவிக்கும் நேரத்தில் கம்பனி இதற்கு இணங்கும், சேர்ந்து மூன்று மாதம் கழித்துக் கேட்டால் சிரிப்பார்கள்.

பட்டியலைப் பார்த்தபின் அதில் நடுவில் இருக்கும் ஒருவரோடு ஒரு நாள் முழுக்கச் சைக்கிளில் போய்வருவது நல்லது. மேலே இருப்பவர் தன் திறமையைக் காட்டுவார், கீழே இருப்பவர் குறை சொல்வார். நடுவில் இருப்பவர்தான் டீமின் பழக்கத்தைக் காட்டுவார். அவர் நோட்புக்கில் நாளைக்கான மூன்று வீட்டின் பெயர் இருக்கிறதா, பிரீமியம் வாங்கினால் அதே இடத்தில் ரசீது எழுதுகிறாரா, "பேங்கில போடுறத விடக் கூட வரும்" என்று சொல்கிறாரா. கடைசி வாக்கியம் வாயில் பழகியிருந்தால் டீம் முழுதும் அப்படித்தான் விற்கிறது.

கொழும்பின் நாட்காட்டியும் நம் நாட்காட்டியும்

டார்கட்டைப் பன்னிரண்டால் சமமாகப் பிரிப்பவர்கள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரையைப் பார்த்தவர்கள் அல்ல. பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். அப்போது விவசாயி கையில் இருப்பது உரத்துக்கும் உழவு மெஷினுக்கும் போகிற காசு. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று மழை, வெள்ளம், கடலும் கொந்தளிப்பு, தோணி கரையில். அறுவடைக் காசு பெப்ரவரி, மார்ச்சில் வரும். நீர்ப்பாசன வசதியுள்ள கல்லோயாப் பக்கம் சிறுபோகம் இருப்பதால் ஓகஸ்ட், செப்டம்பரில் மறுபடி ஒரு முறை கை நனையும். வெல்லாவெளியில் ஒரு விவசாயிக்கு நவம்பரில் மாதத் தவணைப் பொலிசி போட்டால் ஜனவரியில் அது நிற்கும். வழக்கமாகக் கொடுக்கும் 30 நாள் சலுகைக் காலம் அறுவடைக்கு முன்னமே முடிந்துவிடும். அதே ஆளுக்கு மார்ச்சில், அரையாண்டுத் தவணையாக, அடுத்த தவணை செப்டம்பரில் விழுகிற மாதிரிப் போட்டால் நிற்கும். வயலில் ஒரு போகம் மட்டும் செய்கிறவருக்கு ஆண்டுத் தவணை. இந்தச் சின்ன மாற்றத்தை டீமுக்குப் பழக்கினாலே பதின்மூன்றாம் மாத எண் ஏறும். ஆனால் அப்படிச் செய்தால் நவம்பர், டிசம்பர் டார்கட் விழும். மாத டார்கட்டை இரண்டு போகத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்களா என்று முன்னமே கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் மாட்டார்கள். காலாண்டுக் கணக்காகவாவது பார்க்க இணங்கினால் அது வெற்றி. அந்த இடைவெளியை நிரப்ப மாதச் சம்பளக்காரர், அதாவது ஆசிரியர், தாதியர், பிரதேச செயலக ஊழியர், டீமின் பட்டியலில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அவர்களை எல்லாக் கம்பனியும் ஏற்கனவே சுற்றி முடித்துவிட்டது என்பது வேறு கதை.

இன்னொன்று. தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவுமாக இருக்கும் மாவட்டங்கள் இவை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று சனத்தொகையை எண்ணி டார்கட் போடுவார்கள். வட்டி கலந்த ஆயுள் காப்புறுதி மார்க்கத்துக்கு ஆகாது என்று ஒதுங்கும் குடும்பங்கள் அங்கே நிறைய. தகாஃபுல் என்கிற இஸ்லாமியக் காப்புறுதி முறையில் ஒரு திட்டம் கையில் இல்லாத கம்பனி அந்த ஊர்களையும் சேர்த்து எண்ணிப் போடும் டார்கட், ஆரம்பத்திலேயே ஓட்டை. வரைபடத்தில் விரல் வைத்து, இந்த ஊருக்கு எந்தத் திட்டத்தோடு போவது என்று கேட்டால் பதில் வர வேண்டும். நுண்கடன் காசு வசூலிக்க வருகிறவர்களைக் கண்டு கதவைச் சாத்திப் பழகிய கிராமங்களும் இருக்கின்றன. அங்கே ரை கட்டிக்கொண்டு போகிறவரைத் தூரத்திலேயே கண்டு, வீட்டில் ஆளில்லை என்று பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள்.

ஆள் பிடிப்பதும் கையெழுத்து வைப்பதும்

மெனேஜரின் நேரத்தில் பாதி ஆள் சேர்ப்பதில் போகும். விற்பனையை விரும்பி வந்தவர்களுக்கு இது பெரிய அடி. முகவராகப் பதிய முன் அனுமதிப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைத் திகதிக்கும் பதிவுக்கும் இடையில் புது ஆளின் சூடு ஆறிவிடும். பதிந்த பின் வருவது சொந்தபந்தச் சந்தை. தன் குடி, மனைவியின் குடி, கோயில் நிருவாகத்தில் இரண்டு பேர், கூடப் படித்தவர்கள் என்று எட்டுப் பத்துப் பொலிசி விழும். மூன்றாம் மாதத்தோடு அது வற்றிவிடும். அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டப் பழக்காமல் விட்டால் நாலாம் மாதம் ஆளைக் காணோம். பத்துப் பேரைச் சேர்த்து வருடம் முடிய இரண்டு மூன்று பேர் நின்றால் அது நல்ல வருடம். ஆகவே எட்டுப் பேர் டீமை எட்டாகவே வைத்திருக்க வருடாவருடம் பத்துக்கு மேல் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையில் மனம் ஒட்டாதவர், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் முகவராகவே இருப்பது நல்லது. அதிகம் விற்கும் முகவர்களைச் சேர்க்கும் மில்லியன் டொலர் வட்டமேசை (MDRT) என்ற உலக அமைப்பின் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் கதிரையே கேட்காமல் அப்படித்தான் இருக்கிறார்கள்.

முன்மொழிவுப் படிவத்தில் மெனேஜரும் ஒப்பமிட வேண்டியிருக்கும். சீனி வருத்தத்தை மறைத்து, பிரஷர் குளிசையை மறைத்து நிரப்பிய படிவம், சவூதியில் இருக்கும் கணவனின் கையெழுத்தை மனைவி போட்ட படிவம், எல்லாம் மாத முடிவில் வரும். மரணம் நடந்து காசு மறுக்கப்பட்டால் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ முறைப்பாடு போகும். அது போகுமுன் ஊர் முழுக்க மெனேஜரின் பெயர் போகும். அதன்பின் அந்தக் கிராமத்தில் பத்து வருடத்துக்கு ஒரு பொலிசியும் விழாது.

மாத முடிவில் இன்னொரு பொறி. டார்கட்டின் 80 சதவீதம் 4,80,000. முப்பதாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு டீம் 4,68,000இல் நிற்கிறது. இடைவெளி 12,000, அதாவது மாதம் ஆயிரம் ரூபா கட்டும் ஒரே ஒரு பொலிசி. ஆயிரத்தை மெனேஜர் தன் பேர்ஸிலிருந்து போட்டு யாரோ ஒரு பெயரில் எழுதினால், வருடப் பிரீமியத்தின் மேல் முன்கூட்டியே கொடுக்கும் கம்பனியில் அந்த மாத ஓவர்ரைட் கிட்டத்தட்ட முப்பதாயிரம் கைக்கு வரும். விட்டால் ஒரு சதமும் இல்லை. எல்லாருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். முதல் முறை போட்டவர் அடுத்த மாதம் அந்தப் பொலிசியின் இரண்டாம் தவணையையும் தானே கட்டுவார், கூடவே புதுசாக ஒன்றும் போடுவார். ஓவர்ரைட்டை 80 சதவீதத்தில் வெட்டாமல் படிப்படியாகக் கொடுக்கும் கம்பனியில் இந்தப் பொறி இல்லை. அப்படி ஒரு இடம் சம்பளம் பத்தாயிரம் குறைவாகத் தந்தாலும் யோசிக்காமல் எடுக்கலாம் என்பது என் கணிப்பு.

முகவர் குறியீட்டை ஆறு மாதத்துக்கு மூடாமல் நிறுத்தி மட்டும் வைக்க முடியுமா, சரிவராவிட்டால் பழைய பொலிசிகளோடு திரும்பி வரலாமா என்றும் கேட்டுவிட வேண்டும். சில கம்பனிகள் இணங்கும். பட்டியலைக் கேட்பதென்றால் மாதத்தின் ஐந்தாம் திகதிக்கும் பதினைந்துக்கும் இடையில் கேளுங்கள், போன மாதக் கணக்கு மூடியிருக்கும். இருபத்தைந்துக்குப் பிறகு கிளையில் யாரும் போனே எடுக்கமாட்டார்கள்.